தையல் பிரித்த பிறகும் சிகிச்சை ஏன்?

(ஆதரவாளர் கூட்டத்தில் டாக்டர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, தையலும் பிரித்தாயிற்று. இன்னும் பல மாதங்கள் சிகிச்சை எதற்கு?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. முழங்கால் ஜவ்வு அறுந்தவரை உதாரணமாக வைத்து இதற்கு விடை சொல்லுகிறேன்.

அறுந்த ஜவ்வு பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. ஆகவே அவருடைய காலிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, அதற்குள் செலுத்தி, திருகாணி போன்றவற்றால் இறுக்குகிறோம். வெளித்தையல் சுமார் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். உள்ளேயோ தசைநாண் எலும்போடு இன்னும் சேரவில்லை. திருகாணிதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தசைநாண் கயிறு போன்றது, எலும்பு கல் போன்றது. இரண்டும் உடனே ஒட்டிவிடாது. முதலில் நடுவில் தழும்புத் திசு உண்டாகிறது. பிறகு துளையின் சுவரிலிருந்து புது எலும்பு அந்தத் திசுவுக்குள் சிறிது சிறிதாக வளர்ந்து, நாணைக் கவ்விக்கொள்கிறது. நட்ட நாற்று வேர் பிடிப்பதைப் போன்றது இது. வேர் பிடிக்குமுன் இழுத்தால் நாற்று கையோடு வந்துவிடும்.

இதை ஆராய்ச்சியும் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் டாக்டர் ஸ்காட் ரோடியோவும் உடன் பணியாற்றியவர்களும் நாய்களில் செய்த ஆய்வை 1993-ல் வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப்பின் 2, 4, 8 வாரங்களில் இழுத்துப் பார்த்தபோது நாண் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. 12 வாரங்களுக்குப்பின் அப்படி வரவில்லை. புது எலும்பு வளர வளர, பிடிப்பும் பலப்பட்டிருந்தது. மனிதருக்கு இதைவிட அதிக காலமும் ஆகலாம்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. எலும்பு பிடிக்குமுன்பே வலி குறைந்துவிடுகிறது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய கூலித் தொழிலாளி, "எனக்குச் சுகமாகிவிட்டது" என்று மூட்டை தூக்கப் போய்விடுவார். நாண் தளர்ந்துபோனால் முழங்கால் மறுபடியும் நழுவும். இரண்டாம் ஆபரேஷன் தேவைப்படலாம். அதற்காக அவர் படுத்தே கிடக்கவும் கூடாது. பிசியோதெரபியில் அளவான பயிற்சியைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். புகைபிடிப்பதையும் விட்டுவிட வேண்டும். புகை இந்த வளர்ச்சியைத் தாமதப்படுத்தும்.

ஆகவே, பிசியோதெரபிக்கும், அவர் வீட்டில் வருமானமில்லாத அந்த மாதங்களுக்கும் நீங்கள் கொடுப்பது, ஆபரேஷனுக்குக் கொடுப்பதைப் போலவே சிகிச்சையின் ஒரு பாகம். எலும்பு வளருவதை எந்த டாக்டராலும் அவசரப்படுத்த முடியாது. அது வளரும்வரை ஒரு குடும்பம் காத்திருக்க நாம் உதவலாம்.