வாவிக்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாதவர்கள்



இந்தப் பள்ளியிலிருந்து ஒன்றாக மருத்துவ பீடம் சென்ற இருவர் நாங்கள். தோழி இன்று கடல் கடந்து இருக்கிறார். அவருக்காகவும் சேர்த்தே "நாங்கள்" என்று பேசுகிறேன்.

எங்கள் ஊர் கிரான். கிழக்கே கடல், மேற்கே வாவி. மாரியில் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால் படகில்தான் போக்குவரத்து. இருந்தும் எங்களுக்கு நீந்தத் தெரியாது. அண்ணாமார் ஆற்றில் குதிப்பார்கள். "பொம்புளப் புள்ளைக்கு ஆத்துல என்ன வேலை?" என்று அம்மம்மாமார் எங்களை மட்டும் திருப்பி அழைப்பார்கள். 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வோம்.

2006இல் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு மாதம் நெதர்லாந்து சென்றோம். ஒல்லாந்தர் என்றால் மட்டக்களப்புக் கோட்டைதான் எங்களுக்குத் தெரியும். அங்கே போனால் தெருவுக்குத் தெரு கால்வாய்! வைத்தியசாலைக்குச் சுற்றுவழியில் நடந்தோம். தாதி ஒருவர் அதைக் கவனித்துக் காரணம் கேட்டார். சொன்னோம்.

அவர் தங்கள் கதையைச் சொன்னார். அந்நாட்டின் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே. 1953 பெப்ரவரி 1இல் கடல் உள்ளே புகுந்து 1,836 பேர் இறந்தார்கள். "கடலை எங்கே அனுப்புவது? பிள்ளைகளுக்கு நீச்சல் படிப்பிக்கிறோம்" என்றார்.

நீச்சலுடைக்கு வெட்கப்பட்டோம். அவர் சிரித்தார். அங்கே பிள்ளைகள் நீச்சல் சான்றிதழ் பெற, உடுத்த உடையோடும் சப்பாத்தோடும் நீந்திக் காட்ட வேண்டுமாம். தண்ணீரில் விழுகிறவர் உடை மாற்றிக்கொண்டா விழுகிறார்?

மூன்று நாள் படிக்கம்பியை விட்ட கையில்லை. நெஞ்சில் காற்று நிறைந்தால் உடல் மிதக்கும் என்று பாடத்தில் படித்திருந்தோம். உடல் அதை நம்பவில்லை. தாதியின் உள்ளங்கை முதுகைத் தாங்கியிருந்தது. எப்போது எடுத்தார் என்று தெரியாது. மிதந்துகொண்டிருந்தோம். மாத முடிவில் நீச்சல் தடாகத்தின் அகலத்தை ஒருமுறை கடந்தோம். பயம் முற்றாகப் போகவில்லை. பயம் வரும்போது என்ன செய்வதென்று தெரிந்துகொண்டோம்.

இன்று வைத்தியர்களாக ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மூச்சு நின்று சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். நீரில் மூழ்கிய பிள்ளை எங்களிடம் வந்து சேரும்போது, பல வேளைகளில் எங்கள் படிப்பு பிந்திவிடுகிறது. பள்ளிப் பருவத்திலேயே நீச்சல் கற்பிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவோம், நல்லது. அதோடு நம் தங்கைமாருக்கு நீச்சல் வகுப்பொன்றும் தொடங்குவோம். பாசிக்குடாவின் ஆழங்குறைந்த கடல் பக்கத்திலேயே இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியையும் உயிர்காப்பாளரும் வேண்டும். உடுப்பு, உடுத்ததே போதும்.

முதல் நாள் தண்ணீரில் இறங்கி, அவர்களின் முதுகைத் தாங்க நாங்கள் நிற்போம். தோழியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.