விண்ணிலிருந்து வரும் காலக்குறி



முன்பின் அறியாத ஊரிலும் நாம் நிற்கும் இடத்தைக் கைப்பேசி காட்டிவிடுகிறது. அது எவ்வாறு என்பதை இங்கே காண்போம்.

மின்னலைக் கண்ட மூன்றாம் நொடியில் இடியோசை கேட்டால், மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டியது என்கிறோம். காலத்தை அளந்து தொலைவை அறிகிறோம். செயற்கைக்கோள் வழிகாட்டலின் அடிப்படையும் இதுவே. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். கோள்களில் முதலாவது 1978ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. அவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் அணுக்கடிகாரத்தைச் சுமந்து, தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ரேடியோ அலைவழியே இடைவிடாது அறிவிக்கிறது. தலைக்கு நேர்மேலுள்ள கோளின் அலை, நொடியின் 15இல் ஒரு பங்கு காலத்தில் நம்மை வந்தடைகிறது.

கைப்பேசி அக்கோள்களுக்கு எதையும் அனுப்புவதில்லை. கேட்க மட்டுமே செய்கிறது. மூன்று கோள்களின் தொலைவு சரியாகத் தெரிந்தால் நம் இடம் புலப்படும். பின் நான்காவது கோள் எதற்கு? கைப்பேசியின் கடிகாரம் எளியது. நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது பிசகினாலும், தொலைவு 300 மீட்டர் பிசகும். இடத்தைக் குறிக்கும் மூன்று அளவுகள், கடிகாரப் பிழை ஒன்று. ஆக, அறியவேண்டியவை நான்கு, சமன்பாடுகளும் நான்கு. பள்ளியில் நாம் அஞ்சி ஒதுக்கும் அல்ஜீப்ராவே இங்கு வழிகாட்டுகிறது.

இத்துறைக்குக் கணிதம் தந்தவர்களுள் கிளாடிஸ் வெஸ்ட் என்னும் கறுப்பினப் பெண்மணியும் ஒருவர். 1930இல் வர்ஜீனியாவில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி என்றிருந்த காலத்தில் உதவித்தொகை பெற்றுக் கணிதம் பயின்றார். 1956 முதல் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, பூமியின் உண்மை வடிவைத் துல்லியமாகக் கணித்தார். அவ்வடிவம் தெரியாமல் கோளின் பாதையைச் சரியாகக் கணிக்க இயலாது.

இன்று நில அளவையிலும் இக்கருவிகள் வந்துவிட்டன. சங்கிலி கொண்டு அளந்த நாளில் கணக்கு ஒருவர் கையிலும், நிலத்தின் வியர்வை நம் உடலிலும் இருந்தன. விண்ணின் அலை ஊருக்கும் சேரிக்கும் ஒன்றாகவே இறங்குகிறது. ஆனால் அளவுகோலைப் படிக்கத் தெரியாதவனுக்குப் புதிய கருவியும் பழைய சங்கிலியே.

ஆகவே இளைஞர்களே, கருவியை வாங்குவதோடு நில்லாமல் அதன் கணக்கையும் கற்போம். நம் எல்லைக்கல்லை நாமே சரிபார்க்கும் அறிவைப் பெறுவோம்.