இடையன்குடி ஆலயம் எழும்பிய கதை
(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பொன்விழாவில் வேறொரு சபையாரின் கோவிலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "நம்ம கோவில் கதை போதாதா, சாமி?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நம் கோவில் கதையை நமக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். பிறர் வீட்டுக் கதையையும் கேட்டால்தானே நம் வீட்டை இன்னும் நன்றாகப் பார்க்க முடியும்?

பதிதர் கோவில் வாசலை மிதிக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த காலம் ஒன்று இருந்தது. நம் வீரமாமுனிவரும் தரங்கம்பாடி லுத்தரன் சபையாரும் நூல் எழுதி மோதிக்கொண்டது ஊரறிந்த செய்தி. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி ஏடு வெளியிட்ட பின்தான் கதவு அகலத் திறந்தது. 1995 முதல் நம் கையில் இருக்கும் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இரு சாராரும் ஒன்றாக உட்கார்ந்து செய்த வேலை. ஆகவே அச்சமின்றி இடையன்குடிக்குப் போவோம்.

இடையன்குடி, திருநெல்வேலிக்குத் தெற்கே, திசையன்விளைப் பக்கம் உள்ள சிற்றூர். செம்மண் தேரியும் பனையுமான பூமி. நமக்கு அது அயலூர் அன்று. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா பிரியும் வரை நம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவும் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. அங்கே ஆங்கிலிக்கன் சபையாருக்கு, அதாவது ஆயர்களைக் கொண்ட எப்பிஸ்கோப்பல் சபையாருக்கு, ஒரு பரிசுத்த திரித்துவ ஆலயம் உண்டு. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அச்சபையார் அதில் இணைந்தார்கள்.

1841-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூருக்கு வந்து சேர்ந்தார் இராபர்ட் கால்டுவெல். அயர்லாந்தில் பிறந்தவர். அப்போது வயது 27. சென்னையிலிருந்து நீலகிரி வழியாகச் சுற்றி, பெரும்பாலும் கால்நடையாகவே வந்தார். மக்களின் பேச்சையும் வாழ்க்கையையும் அறிய அதுவே வழி என்று எண்ணினார். இக்காலத்தில் மாற்றல் உத்தரவு வந்தால் நாம் முதலில் வண்டிக்குச் சொல்லிவிடுகிறோம்!

அங்கு முன்பே ஒரு சிறு கிறிஸ்தவ சபை இருந்தது. கால்டுவெல் நேரான தெருக்கள் வகுத்து, ஊரையே புதிதாக அமைத்தார். மரம் நட்டார், பள்ளிக்கூடம் நடத்தினார். 1844-இல் அவர் மணந்த எலைசா அம்மையார் நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர். அவர் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, லேஸ் பின்னும் தொழிலையும் கற்பித்தார். பனையையே நம்பிய குடும்பங்களில் பெண்ணின் கைக்குக் காசு வந்ததென்றால் அது சிறிய மாற்றமா?

1847-இல் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மந்திரிப்பு நடந்தது 1880 ஜூலை 6-ஆம் நாள். முப்பத்து மூன்று ஆண்டுகள்! நம் ஆண்டவர் இம்மண்ணில் வாழ்ந்த வருடங்கள் அத்தனை என்பார்கள். மூன்று வருடத்தில் நம் மண்டபம் முடியவில்லையே என்று குறைப்படுவோர் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடைவெளியில் அவர் சும்மா இருந்தாரா? 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியவை ஒரே குடும்பம் என்பதை அந்நூல் விரிவாக நிலைநாட்டியது. 1877-இல் ஆயரானார். அப்போது கொடிய பஞ்சம் நடந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் சபையை நாடி வந்தார்கள். 1881-இல் திருநெல்வேலி ஜில்லாவின் சரித்திரத்தையும் எழுதி வெளியிட்டார்.

ஆனால் புகழ்மாலை மட்டும் பாடிவிட்டு உட்கார்ந்தால் அது சரித்திரம் ஆகாது. அவருடைய சபை மக்களில் பெரும்பாலோர் நாடார் சமூகத்தவர். அவர்களைப் பற்றி 1849-இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சீமையில் உள்ளவர்கள் படித்து, மிஷனுக்கு ஆதரவு தர வேண்டும் என்பதே நோக்கம். அதில் அம்மக்களின் அறிவையும் பழக்கவழக்கத்தையும் தாழ்த்தி எழுதினார். அவர்கள் இந்நாட்டின் பூர்வ குடிகள் அல்லர் என்றும் எழுதினார். அந்தப் பனையேறிகள் வீட்டில் அதை ஒருநாளும் படிக்கமாட்டார்கள் என்று எண்ணினார் போலும். ஆனால் மிஷன் பள்ளிக்கூடங்களிலேயே ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் அதைப் படித்தார்கள். மனம் புண்பட்டார்கள், கண்டித்து எழுதினார்கள். எதிர்ப்பு பல ஆண்டுகள் ஓயவில்லை.

இந்த இடத்தை நாம் அவசரமாகக் கடந்துபோக விரும்பவில்லை. குருக்களாகிய நாமும் மறைமாவட்டத்துக்கும் உதவி தருவோருக்கும் அறிக்கை எழுதுகிறோம். "எம் மக்கள் ஏழைகள், அறியாதவர்கள்" என்ற வரி சுலபமாக வந்து விழும். காசும் வரும். அந்தத் தாளை இங்கே ஒலிபெருக்கியில் வாசித்தால் உங்கள் முகத்தை நாம் நேராகப் பார்க்க முடியுமா? அன்பு இல்லாமல் கால்டுவெல் அவ்வாறு எழுதினார் என்று சொல்வது கடினம். ஐம்பது ஆண்டு அந்தத் தேரியில் கிடந்தவர் அவர். அன்புள்ளவனும் மேலிருந்து கீழே பார்க்கக்கூடும் என்பதே நமக்கு உறுத்துகிறது.

இதையும் அதையும் சேர்த்தே மக்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். சைவ மரபில் வந்த ரா. பி. சேதுப்பிள்ளை அவருடைய சரிதத்தைத் தமிழில் எழுதினார். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் சிலை வைத்தார்கள். இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அரசு நினைவில்லம்.

1891-இல் அவர் ஓய்வு பெற்றுக் கோடைக்கானலுக்குப் போனார். அதே ஆண்டு ஆகஸ்டு 28-இல் அங்கே இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, இத்தனை தூரம் கொண்டுவந்து, இடையன்குடி ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். 1899-இல் எலைசா அம்மையாரும் அங்கேயே அடக்கமானார். திருநெல்வேலிப் பக்கம் கலியாணம் காட்சிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கூட ஒதுக்கி, திசையன்விளை வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.