வீட்டிலிருந்து புரோகிராம் எழுதுவதும் வேலைதான்

(அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)





"பையன் ராத்திரி பகல் பார்க்காமல் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான், இவன் எப்படிப் பிழைக்கப் போகிறான்?" நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கவலை இது. கவலை நியாயமானதுதான். அப்படி உட்கார்ந்திருப்பவர்களில் விளையாடிப் பொழுதைப் போக்குகிறவர்களும் உண்டு, தொழில் கற்கிறவர்களும் உண்டு. யார் எந்த வகை என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. "இந்த மாதம் என்ன செய்தாய், காட்டு" என்று கேளுங்கள். கற்கிற பிள்ளையிடம் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். அரைகுறையாக ஓடுகிற ஒரு புரோகிராமாவது இருக்கும்.

இப்படித் தானே கற்றுக்கொண்டவர்களுக்கு நம் சமுதாயத்திலேயே முன்மாதிரி உண்டு. அதிராம்பட்டினத்தில் 1953-ல் பிறந்த உமர் தம்பி அவர்கள் கல்லூரியில் படித்தது விலங்கியல். பல ஆண்டுகள் துபாயில் வேலை பார்த்தார். கம்ப்யூட்டரைத் தன் முயற்சியில் கற்றார். அந்தக் காலத்தில் தமிழ் இணையப் பக்கத்தைத் திறந்தால், அதற்குரிய எழுத்துரு நம் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். அவர் உருவாக்கிய 'தேனீ' எழுத்துருவைப் பக்கத்தோடு இணைத்துவிட்டால், படிப்பவர் தனியாக எதையும் நிறுவாமலே தமிழைப் படிக்க முடிந்தது. அதை அவர் இலவசமாகவே கொடுத்தார். 2006-ல் மறைந்தார். 2010-ல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டிய இணைய மாநாட்டில் ஓர் அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். கம்ப்யூட்டர் பட்டம் இல்லாதவர் என்பது அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

இனி பிழைப்புக்கு வருவோம். ஃப்ரீலான்ஸ் என்றால் என்ன? தையற்காரர் கடை போன்றதுதான். மாதச் சம்பளம் கிடையாது. வாடிக்கையாளர் துணி கொண்டு வருவார், அளவு சொல்வார், கூலி பேசுவோம், தைத்துக் கொடுப்போம். இங்கே துணிக்குப் பதில் ஒரு கடையின் இணையதளம், ஒரு மருத்துவமனையின் பில் போடும் மென்பொருள். வாடிக்கையாளர் குன்னூரிலும் இருக்கலாம், நியூயார்க்கிலும் இருக்கலாம். அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. மஃரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் அவர் வேலை தொடங்கும் நேரம் சரியாக இருக்கும். பையன் இரவில் விழித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை எப்படி வரும்? முதலில் இலவசமாகவோ குறைந்த கூலிக்கோ நமக்குத் தெரிந்த ஒரு கடைக்குச் செய்து கொடுங்கள். எழுதிய நிரலை கிட்ஹப் போன்ற இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். புதிய வாடிக்கையாளர் சான்றிதழைவிட அதைத்தான் பார்ப்பார். ஃபைவர், அப்வொர்க் போன்ற தளங்களிலும் வேலை கிடைக்கும். ஆனால் கூலியில் அவர்கள் பங்கு போகும். ஃபைவரில் அது 20 சதவீதம். நூறு டாலர் என்று பேசினால் கைக்கு வருவது எண்பதுதான்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்கிறது நம் மார்க்கம். இந்தத் தொழிலில் அதுதான் உயிர். என்ன செய்து தர வேண்டும், எந்தத் தேதிக்குள், எத்தனை முறை திருத்தம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் மின்னஞ்சலிலாவது இருக்க வேண்டும். முன்பணம் வாங்குங்கள். மீதியைப் பகுதி பகுதியாக, வேலை முடிய முடிய வாங்குங்கள். "இதையும் கொஞ்சம் சேர்த்துவிடுங்கள்" என்று கேட்டால், அதற்குத் தனிக் கூலி என்று பணிவாகச் சொல்லுங்கள். அதேபோல வாடிக்கையாளரின் கடவுச்சொல்லும் கணக்கும் நம்மிடம் உள்ள அமானிதம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்து, அதை மாற்றிக்கொள்ளும்படி நாமே சொல்ல வேண்டும்.

லவ்டேலுக்கென்று ஒரு சிரமம் உண்டு. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் மின்சாரமும் போகும், இணையமும் போகும். இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்பே முடிக்கப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று கையில் இருக்கட்டும். வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. ஆகவே நல்ல மாதத்தில் கிடைத்ததில் மூன்று மாதச் செலவுக்காவது ஒதுக்கி வையுங்கள்.

ஒரே வித்தையை நம்பி இருந்துவிடவும் கூடாது. ஊட்டி இந்து நகரில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. கடனும் டிஜிட்டல் கேமராவும் சேர்ந்து அதை மூட வைத்தன. இன்று செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதுகிறது. எழுதியது சரியா தவறா என்று புரிந்து சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி வேலை. அடிப்படையை ஆழமாகப் படியுங்கள். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் போதும். 'கணியம்' எளிய தமிழில் இலவசப் புத்தகங்கள் வெளியிடுகிறது. ஆங்கிலத்தையும் விடாதீர்கள், வாடிக்கையாளரிடம் பேச அது வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. வேலை தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள் என்று யார் சொன்னாலும் அது மோசடி. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்பதும் அப்படியே. உண்மையான வேலையில் பணம் நம்மை நோக்கித்தான் வரும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கிறார்கள் என்பதற்காக நடுவேலையில் கடைக்கு அனுப்பாதீர்கள். குறிப்பாக, பட்டம் படித்துவிட்டுத் திருமணமாகி வீட்டில் இருக்கும் நம் பெண்களுக்கு இந்தத் தொழில் நன்றாகப் பொருந்தும். கதவு சாத்திய ஓர் அறையும் தினம் நான்கு மணி நேரமும் அவர்களுக்குக் கொடுங்கள். சமையலும் குழந்தையும் அந்த நான்கு மணி நேரம் மற்றவர் பொறுப்பாக இருக்கட்டும். ஓராண்டு கழித்து, "என்ன செய்தாய், காட்டு" என்று அவர்களிடமும் கேளுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான வருமானத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.