குடாநாட்டின் மேடுபள்ளங்கள்



சென்ற தவணையின் முதல் வாரத்தில் எங்கள் பாடசாலை மாணவன் ஒருவன் புதிய சைக்கிள் ஒன்றில் வந்திறங்கினான். கனடாவிலுள்ள மாமன் பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்ததாம். தடித்த ரயர்கள், முன் சில்லுக்கு மேலே அதிர்ச்சியைத் தாங்கும் சுருள்வில், கைப்பிடியில் 21 கியர்களை மாற்றும் விசைகள். மலைப்பாதையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. மற்றப் பிள்ளைகள் அதைச் சூழ்ந்து நின்றனர். நானும் அதிபர் என்ற மிடுக்கைச் சற்றே மறந்து குனிந்து பார்த்தேன். அப்போது அவன் கேட்டான்: "சேர், எல்லாம் சரி. இதை ஓட எங்கடை ஊரிலை மலை எங்கை இருக்கு?"

பிள்ளைகள் சிரித்தனர். கேள்வி நியாயமானதே. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையின்மீது அமைந்த தட்டை நிலம். கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. அங்கும் கேணியில் இறங்கி நீராடலாமேயன்றி, ஏறுவதற்கு ஒன்றுமில்லை. அன்று நானும் சிரித்துவிட்டு மணியடிக்கச் சொல்லிவிட்டேன். ஆயினும், வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னை விடவில்லை. மேடே இல்லாத ஊரா இது? நாற்பது ஆண்டுகளாக இங்கே சைக்கிள் ஓடிய என் முழங்கால்கள் அவ்வாறு சொல்லவில்லையே!

மலைச் சைக்கிள் என்பது பிறந்த கதையே சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தமல்பாயஸ் என்றொரு மலை உண்டு. 1970ஆம் ஆண்டுகளில் அதனை அண்டி வாழ்ந்த இளைஞர் சிலர், பழைய பொருட்களோடு கிடந்த தடித்த ரயர்ச் சைக்கிள்களைத் திருத்தி, மலையின் மண்பாதைகளில் உருட்டிவிட்டு விளையாடினர். 1976 ஒக்ரோபரில் அதையே போட்டியாக நடத்தத் தொடங்கினர். இறக்கத்தின் அடியை அடைவதற்குள் பின் சில்லின் பிரேக் சூடேறி, உள்ளே இட்ட கிறீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். அந்த விளையாட்டு 1996இல் அத்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இதை நான் சொல்வதற்குக் காரணம், அதைத் தொடங்கியவர்களிடம் புதுவண்டி எதுவும் இருக்கவில்லை என்பதுதான். எங்களிடமும் இருக்கவில்லை.

நாங்கள் நால்வர். உயர்தர வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். தந்தையாரின் றலி ஒருவனுக்கு. அண்ணன் விட்டுச் சென்ற ஹம்பர் ஒருவனுக்கு. மற்ற இருவருக்கும் லுமாலா. சனிக்கிழமை விடியற்காலையில் புட்டைப் பொட்டலமாகக் கட்டிக் கரியரில் வைத்துக்கொண்டு புறப்படுவோம். ஒரு வாரம் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகர்க் கசூரினாக் கடற்கரை. மறுவாரம் புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணறு. பிறிதொரு வாரம் ஊர்காவற்றுறை. வீட்டில் கேட்டால், கணிதப் பாடத்துக்குப் போகிறோம் என்போம். அக்காலத்தில் நாங்கள் அறிந்த மலை ஒன்றுண்டு. அதன் பெயர் காற்று.

பண்ணைப் பாலத்தின் வழியே ஆடி மாதப் பிற்பகலில் வேலணைக்குச் சைக்கிளில் சென்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இருபுறமும் கடல், மறைவுக்கு ஒரு பனையும் இல்லை. தென்மேற்கிலிருந்து சோளகம் நேரே நெஞ்சில் அடிக்கும். எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நகராது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று. அப்போது பருத்தித்துறைக்குச் செல்லும் 33 கிலோமீற்றர் வழியில் வல்லை வெளியைக் கடப்பது ஒரு தவம். காற்றின் வேகம் இருமடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்று எங்கள் பௌதிக ஆசிரியர் அண்மையில் விளக்கினார். நான் கலைப் பட்டதாரி; அந்தக் கணக்கு என் தொடைகளுக்கு முன்னமே தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

இந்த மலையில் ஏறுவதற்கும் ஒரு முறை உண்டு. ஒருவர் முன்னே சென்று காற்றைப் பிளக்க, மற்றவர்கள் அவருடைய பின்சில்லுக்கு ஒரு முழம் பின்னால் வரிசையாக வருவர். முன்னவர் களைத்ததும் ஒதுங்கி வரிசையின் கடைசிக்குப் போவார். ஐரோப்பாவின் பெரிய ஓட்டப் போட்டிகளில் இதே முறையைக் கையாள்கிறார்கள் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். எங்களுக்கு அதைக் கற்பித்தது பண்ணைப் பாலம். கியர் சைக்கிள் மாணவனுக்கு நான் வேறு மறுமொழி சொல்லவில்லை. சோளகம் மூண்டதும் ஒரு நாள் பின்னேரம் பண்ணைக்கு வா என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது, பெற்றோல் அருமையாயிற்று. அதன் பின் சைக்கிள் என்பது உல்லாசப் பொருளாக இருக்கவில்லை. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் அதுவே. விறகும் நெல்லும் சுமந்ததும் அதுவே. தேய்ந்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து ஓடினோம். இரவில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சுழற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துப்போகும். இன்று இந்த வானொலியிற் பேசும்போது அந்த நினைவு வராமல் இல்லை. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, யாழ்ப்பாண நகரும் வலிகாமமும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, மழைக்குள் நான் உருட்டிச் சென்ற சைக்கிளில் அரிசி மூட்டையும் ஆச்சியும் இருந்தனர். நால்வரில் ஒருவனை அந்த ஆண்டுகளில் இழந்தோம். இன்னொருவன் கனடா சென்றான்.

மீந்த இருவரும் மறுபடி சேர்ந்து சைக்கிளில் ஏறியது 2022இல். எரிபொருள் தட்டுப்பாட்டினால் நாடெங்கும் வாகனங்கள் வரிசையில் கிடந்த காலம் அது. மோட்டார் சைக்கிளை நம்பியிருந்த எங்கள் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் பழைய வண்டியைத் தூசி தட்டி எடுத்தனர். தட்டுப்பாடு தீர்ந்ததும் பலர் திரும்பவும் மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டனர். ஐந்தாறு பேர் போகவில்லை. சனிக்கிழமைகளில் இப்பொழுது அந்த ஐந்தாறு பேரும் புறப்படுகிறோம்.

எங்களுக்கு மிகவும் பிடித்த வழி வல்லிபுரத்திலிருந்து மணற்காட்டுக்குச் செல்வது. அங்கே மணற்குன்றுகள் இருக்கின்றன; மணலில் புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்களும் நிற்கின்றன. மணலில் ஓடுவதற்கு ரயரின் காற்றைச் சற்றே இறக்கிவிட வேண்டும். ரயர் அகன்று படிவதால் மணலில் புதையாது. திரும்பித் தார்வீதிக்கு வந்ததும் காற்றடிக்க மறக்கக் கூடாது. மறந்தால் கல்லொன்று ரியூப்பைக் கடித்துவிடும். நெருஞ்சி முள்ளுக்காக ஒட்டுப்போடும் சாமான்களும் கையில் இருக்க வேண்டும். இளைஞர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது மற்றொன்று. முகமாலை, நாகர்கோவில் பக்கங்களில் நெடுங்காலம் மிதிவெடி அகற்றும் பணி நடந்தது. ஆள் நடமாட்டமுள்ள பாதையை விட்டுப் பற்றைக்குள் வண்டியை இறக்காதீர்கள். மண்டையோட்டுப் பலகையைக் கண்டால், அதற்கு அப்பால் எவ்வளவு அழகிருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

இனி, நான் சொல்ல வந்த மேட்டைச் சொல்லிவிடுகிறேன்.

நால்வரில் மீந்த என் நண்பர் மயிலிட்டியைச் சேர்ந்தவர். மீனவர் குடும்பத்தில் பிறந்து ஆசிரியரானவர். 1990 சித்திரை விடுமுறையில் நாங்கள் கடைசியாகக் கீரிமலைக்குச் சென்று, திரும்பும் வழியில் அவர் வீட்டில்தான் மத்தியானச் சோறு உண்டோம். இரு மாதங்களில் அவ்வூர் முழுவதும் இடம்பெயர்ந்தது. பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதையண்டிய நிலத்தில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டன. நண்பரின் காணி அதன் பிறகு விடுபட்ட ஒரு துண்டில் இருந்தது. அதைப் பார்க்கப் போவதென்று ஒரு சனிக்கிழமை முடிவாயிற்று. மகன் மோட்டார் காரில் கூட்டிச் செல்வதாகச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. சைக்கிளிலேயே போனோம்.

போய் என்ன? வேலியில்லை, மதிலில்லை, ஒழுங்கையில்லை. அடையாளம் சொல்லப் புளியமரமும் இல்லை. எங்கும் ஆளுயரப் பற்றை. இடையே யாரோ அண்மையில் வெட்டிய மண்பாதை ஒன்று. நண்பர் இரண்டு முறை போய் இரண்டு முறை திரும்பினார். வயது ஐம்பதைத் தாண்டியவர். முகம் சிறுபிள்ளையின் முகமாயிற்று. நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"மச்சான், பெடலை நிப்பாட்டு. சும்மா விடு," என்றார்.

நிறுத்தினோம். வண்டிகள் நிற்கவில்லை. கடலை நோக்கி மெல்ல உருண்டன. நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஓர் ஆள் உயரமும் இராது. பாடசாலை விட்டு வரும் நாளெல்லாம் சந்தியில் மிதிப்பதை நிறுத்தி, உருண்டே வீட்டுக்கு வருவது அவருக்கு வழக்கமாம். பற்றைகளினிடையே சில்லுகளின் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தணிந்தது. வண்டி நின்ற இடத்தில் அவர் காலூன்றினார். இடப்புறம் பற்றையை விலக்கினார். பத்தடி தூரத்தில் கிணற்றின் கட்டு தெரிந்தது. வீடு இல்லை, கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தோம். தண்ணீரும் இருந்தது.

அள்ளுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. அடுத்த சனிக்கிழமை கரியரில் வாளியும் கயிறும் கட்டிக்கொண்டு போனோம்.