விளக்கத்திற்கு முன் தேடல்

(ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மனப்பாடம் வராத பிள்ளையைப் 'படிப்பு ஏறாது' என்று ஒதுக்கிவிடுகிறோம். சிலரைப் பாதியில் நிறுத்தி வேலைக்கும் அனுப்பிவிடுகிறோம். குறை பிள்ளையிடம் உள்ளதா, பாடம் நடத்தும் வரிசையில் உள்ளதா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

புதியதைத் தனக்கு முன்பே தெரிந்தவற்றோடு இணைத்துப் பிள்ளை தானே அறிவைக் கட்டிக்கொள்கிறது என்பர் கல்வியாளர். இக்கருத்தையொட்டி, 1960களில் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் கார்ப்ளஸ் கற்றல் சுழற்சியை வகுத்தார். 1980களில் அது ஐந்து படிகளாக விரிந்தது: ஆர்வமூட்டல், ஆராய்தல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல். நமது 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டமும் இக்கொள்கையை ஏற்றது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியதையும் அறிவோம்.

நம் மாவட்டத்திலிருந்தே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். கடலே இல்லாத அரியலூரில் கல்லுக்குள் கடற்சிப்பி கிடைப்பது எப்படி? இவ்வினாவே ஆர்வமூட்டல். அடுத்து, பிள்ளைகள் ஈரக் களிமண்ணில் சிப்பியை அழுத்தி எடுத்து, பதிந்த தடத்தைப் பார்த்துத் தமக்குள் பேசட்டும், இது ஆராய்தல். அதன் பின்னரே ஆசிரியர் விளக்குவார்: ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே கடல் இருந்தது, அதன் உயிரினங்கள் வண்டலில் புதைந்து கல்லாயின, அவையே புதைபடிவங்கள். அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் பெருகியது ஏன் என்று கேட்பது விரித்தல். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் சிப்பி ஓடுகள் திரளாக உள்ளதை அறியும் பிள்ளை விடையைத் தானே எட்டும். இலைத் தடம் பதிந்த ஒரு கல்லைக் காட்டி, அது உருவான விதத்தைச் சொல்லச் செய்வது மதிப்பிடல். வாரணவாசி அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றால் பாடம் முழுமை பெறும்.

பாடங்களை முடிக்க நேரம் போதாது என்னும் ஆசிரியர்களின் கவலை நியாயமானது. எல்லாப் பாடத்தையும் இவ்வாறு நடத்த வேண்டியதில்லை. கடினமான கருத்துகளுக்கு மட்டும் இம்முறையில் பாடக்குறிப்பு எழுதினாலே போதும். அன்று நோட்டில் எழுத்துக் குறைந்திருந்தால் பெற்றோர் குறை காண வேண்டாம். "இன்று என்ன எழுதினாய்?" என்று கேட்பதோடு, "என்ன கண்டறிந்தாய்?" என்றும் கேட்போம். படிப்பு ஏறாது என்று நாம் முடிவு கட்டிய பிள்ளையும் அக்கேள்விக்கு விடை கூறக்கூடும். அவ்விடையைக் கேட்ட பிறகு, அப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த நமக்கு மனம் வராது.