இரத்தத்தில் தேடுவதும் ஜாதகத்தில் தேடுவதும்

(பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



ஒருவனுக்குக் காலில் முள் தைத்தால் அவன் முள்ளைத் தேடுகிறானே ஒழிய, பூர்வ ஜென்மத்தைத் தேடுவதில்லை. ஆனால் மார்பிலோ வயிற்றிலோ ஒரு கட்டி வந்துவிட்டால் உடனே கர்மம், தலையெழுத்து, கிரகதோஷம் என்று ஆரம்பித்து விடுகிறார்கள். காரணம் என்ன? முள் கண்ணுக்குத் தெரிகிறது. நோயின் மூலம் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் கடவுளைக் கொண்டுவந்து உட்கார வைப்பது நம் மக்கள் வழக்கம். தெரியாததைத் தெரியும்படி செய்யப் பார்ப்பது விஞ்ஞானத்தின் வழக்கம். இதற்கு ஓர் உதாரணமாகவே புற்றுநோயைப் பற்றி இன்று பேசுகிறேன்.

நமது சரீரம் கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவும் வளரவும் பிரியவும் சாகவும் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு கெட்டுச் சில அணுக்கள் அடங்காமல் பெருகுவதுதான் புற்று. பெரும்பாலும் ஆளைக் கொல்லுவது முதலில் தோன்றிய கட்டியல்ல, அது பரவுவதேயாகும். மார்பில் தோன்றியது எலும்புக்கும் ஈரலுக்கும் மூளைக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது?

1869-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்தில் தாமஸ் ஆஷ்வொர்த் என்னும் வைத்தியர், உடம்பெங்கும் கட்டிகளோடு இறந்துபோன ஒருவருடைய இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். கட்டியிலிருந்த அணுக்களைப் போன்ற அணுக்களே இரத்தத்திலும் இருக்கக் கண்டார். ஒரே உடம்பில் பல கட்டிகள் தோன்றுவதற்கு இது காரணம் காட்டக்கூடும் என்று எழுதினார். 1889-ல் லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்பவர், மார்புப் புற்றால் இறந்த 735 பேருடைய விவரங்களை ஆராய்ந்தார். விதை எல்லாப் பக்கமும் சிதறினாலும் தனக்கேற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். உழவுத் தொழில் செய்யும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இரத்தத்தை எடுத்து அந்த விதையைத் தேடிப் பார்த்தாலென்ன? இங்கேதான் கஷ்டம். ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 500 கோடி சிவப்பணுக்களும், பல லட்சம் வெள்ளையணுக்களும் இருக்கின்றன. நோய் பரவிவிட்டவரிடத்திலுங்கூடப் புற்றணு பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரு கிலோ அரிசியில் 50,000 மணி என்று வைத்துக்கொண்டால், 500 கோடி மணி என்பது 100 கிலோ மூட்டையில் 1,000 மூட்டை. அதில் கிடக்கும் ஐந்தாறு கல்லைத் தேடிப் பொறுக்குவது போன்ற வேலை இது!

மனிதன் அதற்கும் வழி கண்டான். மார்பு, குடல் முதலிய இடங்களில் தோன்றும் புற்றணுவின் மேற்புறத்தில் ஒருவகைப் புரதம் உண்டு. இரத்த அணுக்களுக்கு அது கிடையாது. அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் பொருளை, மிக நுண்ணிய இரும்புத் துகள்களின்மேல் பூசி இரத்தத்தோடு கலக்கிறார்கள். பிறகு காந்தத்தை வைத்து இழுக்கிறார்கள். கூடவே வந்துவிட்ட வெள்ளையணுக்களைச் சாயங்களைக் கொண்டு அடையாளங் கண்டு கழித்துவிட்டு, மிச்சத்தை எண்ணுகிறார்கள். 2007-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் 78,000 நுண்ணிய தூண்கள் நட்ட ஒரு சிறு தகட்டின் வழியே இரத்தத்தை ஓடவிட்டு, அந்தத் தூண்களில் புற்றணுவை ஒட்டவைத்துப் பிடித்தார்கள்.

எண்ணியதால் என்ன தெரிந்தது? 2004-ல் மார்புப் புற்று பரவியிருந்த 177 பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி வெளியாயிற்று. 7.5 மில்லி லிட்டர் இரத்தத்தில் 5 அணுவோ அதற்கு மேலோ இருந்தவர்கள், குறைவாக இருந்தவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்கள் என்று கண்டார்கள். அந்த வருஷமே அமெரிக்க அரசாங்கம் இந்தப் பரிசோதனையை அனுமதித்தது.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம், தோழர்களே! எண்ணிக்கை குறையாதவர்களுக்கு உடனே மருந்தை மாற்றினால் ஆயுள் நீடிக்குமா என்று சோதித்தார்கள். 123 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தை மாற்றினார்கள், மற்றவர்களுக்கு மாற்றவில்லை. ஆயுளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. 2014-ல் அந்தத் தோல்வியைத் தாங்களே அச்சிட்டு உலகத்துக்குச் சொன்னார்கள். எந்தக் கோவிலிலாவது, வேண்டிக்கொண்டவர் இத்தனை பேர், பிழைத்தவர் இத்தனை பேர், செத்தவர் இத்தனை பேர் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்களா? எந்த ஜோசியனாவது தான் சொல்லித் தவறியவற்றைப் புத்தகம் போட்டிருக்கிறானா? கணக்குக் காட்டுகிறவனிடம் பணம் கொடுப்பதற்குள் நூறு கேள்வி கேட்கும் நாம், கணக்கே காட்டாதவனிடம் உயிரையே ஒப்படைக்கலாமா?

அதே கேள்வியை இயந்திரத்தினிடமும் கேட்க வேண்டும். பூசாரியை விட்டுவிட்டு இயந்திரத்தைக் கும்பிடுவது பகுத்தறிவாகாது. “இரத்தம் கொடுத்தால் போதும், எந்தப் புற்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவோம்” என்று விளம்பரம் வந்தால் நம்பிவிடாதீர்கள். நோயின் ஆரம்பத்தில் இரத்தத்தில் இந்த அணுக்கள் மிக மிகக் குறைவு. சில அணுக்கள் அந்தப் புரதத்தை இழந்து காந்தத்துக்கு அகப்படாமல் தப்பிவிடுகின்றன. ஆகவே அணு அகப்படவில்லை என்றால் நோயே இல்லை என்று அர்த்தமல்ல. கட்டியில் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்துப் பார்ப்பதே இன்றைக்கும் நம்பத்தக்க வழியாகும்.

தாய்மார்களே! மார்பில் கட்டி வந்தால் வெட்கத்தால் மறைக்காதீர்கள். புருஷனுடைய உத்தரவுக்கும் மாமியாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்காதீர்கள். உடம்பு உங்களுடையது. ஆண்களே! வாயில் ஆறாத புண் இருந்தால் புகையிலையை எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மந்திரித்த கயிற்றுக்கும், தோஷம் கழிப்பதற்கும் போகிற ஒவ்வொரு மாதமும் அந்த விதை புது மண் தேடுகிற மாதமாகும். கயிறு கட்டச் சொன்னவன் அந்த மாதத்தைத் திருப்பிக் கொடுக்கமாட்டான்.

நான் வைத்தியனல்ல. நான் சொன்னதை வைத்தியர்களிடம் கேட்டுச் சரிபார்த்து, உங்கள் புத்திக்கு ஒத்ததை மட்டும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.